148 செ.மீ. தாய், 2,700 கிராம் குழந்தை: எந்த அட்டவணையில் வைத்துப் பார்ப்பது?

#1 அரசலாறு (சோனாலஜி, கும்பகோணம் வட்டாரம்)

ஒரு கணக்கை வைத்துப் பேசலாம். 39 வாரக் கர்ப்பம். முதல் மூன்று மாதத்திலேயே சி.ஆர்.எல். (கருவின் தலை முதல் புட்டம் வரையிலான நீளம்) பார்த்து பிரசவத் தேதி உறுதியாகிவிட்டது. தாய் 148 செ.மீ. உயரம், தலைப்பிரசவம். உத்தேச எடை 2,700 கிராம். பனிக்குட நீர் போதுமான அளவு இருக்கிறது.

ஹேட்லாக் 1991 என்ற கரு எடை அட்டவணையில் 39 வாரத்துக்கு நடு எடை 3,435, பத்தாவது பர்சென்டைல் (நூறு குழந்தைகளை எடை வரிசையில் நிறுத்தினால் கீழிருந்து பத்தாவது இடம்) 2,851. நம் குழந்தை ஐந்தை ஒட்டி விழுகிறது. 2015-ல் வந்த அமெரிக்க என்.ஐ.சி.ஹெச்.டி. (குழந்தை நல ஆய்வு நிறுவனம்) ஆய்வு இனவாரியாகப் பிரித்தது. அதில் 39 வாரத்துக்கு ஐந்தாவது பர்சென்டைல் வெள்ளையருக்கு 2,790, ஆசியருக்கு 2,621. ஒரு கோட்டுக்குக் கீழே, இன்னொன்றுக்கு மேலே. நடு எடையிலும் 3,505-க்கு 3,270 என்று 235 கிராம் வித்தியாசம்.

கேள்வி இதுதான்: ரிப்போர்ட்டில் எதை எழுதுவது? "நம்ம ஊர்க் குழந்தை இவ்வளவுதான்" என்று விட்டுவிடலாமா, வளர்ச்சிக் குறைவு என்று அனுப்பவா?

#2 குடமுருட்டி (மகப்பேறு, பாபநாசம்)

சார், 39 வாரத்தில் இந்தக் கேள்வியே வேண்டாம். எந்த அட்டவணையில் போட்டாலும் பிரசவத்துக்கு நாள் வந்தாச்சு. டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) நன்றாக இருக்கிற சின்னக் குழந்தையையே 37-க்கும் 39-க்கும் இடையில் எடுக்கச் சொல்கிறார்கள். இதே புதிரை 34 வாரத்துக்குக் கொண்டுவந்து கேளுங்கள். அங்கேதான் அட்டவணை ஆளைப் பாடாய்ப் படுத்தும்.

#3 வெண்ணாறு (கரு மருத்துவம், தஞ்சாவூர்)

முதலில் இந்தக் கோடுகள் யாரை அளந்து வந்தவை என்று பார்ப்போம்.

ஹேட்லாக் 1991: டெக்சாஸில் 392 பெண்கள், பெரும்பாலும் நடுத்தர வகுப்பு வெள்ளையர். நம் மெஷின்களில் ஆலையிலிருந்து வரும்போதே இதுதான் போட்டு வருகிறது, நாமும் கேள்வி கேட்பதில்லை.

இன்டர்குரோத்-21: எட்டு நாடுகளில் எட்டு இடம். பெலோடாஸ், டூரின், மஸ்கட், ஆக்ஸ்ஃபோர்டு, சியாட்டில், பெய்ஜிங்கின் ஷுன்யி, நைரோபியின் பார்க்லாண்ட்ஸ், நம் நாட்டில் நாக்பூர். 4,300-க்கு மேற்பட்ட தாய்மார், 14 வாரத்திலிருந்து ஐந்து வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன். நல்ல சாப்பாடு, நல்ல பராமரிப்பு, நோயில்லாத கர்ப்பம் என்றால் உலகெங்கும் கரு கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளர்கிறது என்பது அவர்கள் கட்சி. சி.ஆர்.எல்., தலைச்சுற்றளவு இரண்டிலும் மொத்த வேறுபாட்டில் இடத்துக்கு இடம் உள்ள பங்கு நான்கு சதவீதத்துக்கும் கீழே என்று காட்டினார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2017: பத்து நாடுகள், இந்தியாவும் உண்டு. இவர்கள் கண்டது வேறு. நாட்டுக்கு நாடு எடை மாறுகிறது. தாயின் உயரம், எடை, வயது, எத்தனையாவது பிரசவம், குழந்தையின் பாலினம் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் நகர்த்துகின்றன. உங்கள் ஊருக்கு ஏற்பச் சரிபார்த்துப் பயன்படுத்துங்கள் என்றே சொன்னார்கள்.

என்.ஐ.சி.ஹெச்.டி. முடிவில் எனக்குப் பிடித்த பகுதி வித்தியாசம் எப்போது ஆரம்பிக்கிறது என்பது. கை, தொடை எலும்புகளில் 10 வாரத்திலேயே தெரிகிறது. வயிற்றுச் சுற்றளவில் 16 வாரம், தலைச்சுற்றளவில் 21, பி.பி.டி.யில் (தலையின் குறுக்களவு) 27. உத்தேச எடையில் 20 வாரத்துக்குப் பிறகு. அதாவது இனத்துக்கு இனம் சீக்கிரம் வேறுபடுவது எலும்பு, கடைசிவரை ஒத்துப்போவது தலை. இதை மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

#4 வீரசோழன் (சமூக மருத்துவம், புள்ளியியல்)

வெண்ணாறு மேடம் சொன்னதோடு ஒன்று. இன்டர்குரோத்தில் சேர்வதற்குத் தாய்க்கு உயரம் குறைந்தது 153 செ.மீ. இருக்க வேண்டும். வயது 18 முதல் 35, பி.எம்.ஐ. 18.5-க்கு மேல் 30-க்குள். அரசலாறு சார் சொல்கிற 148 செ.மீ. தாயை நாக்பூரில் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். இது குறையல்ல; "எப்படி வளர வேண்டும்" என்ற அளவுகோல் வேண்டுமென்றால் அப்படித்தான் பொறுக்க வேண்டும். ஆனால் "இந்தியாவும் அதில் இருக்கிறது, ஆகவே நம்மாளுக்குப் பொருந்தும்" என்று நீட்டக் கூடாது.

அந்த "ஆசியர்" கோட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் வாழும் ஆசிய, பசிபிக் தீவு வம்சாவளியினர் எல்லாரையும் ஒரே கூடையில் போட்டது. திருத்துறைப்பூண்டிக்காரிக்கும் அதற்கும் என்ன உறவு? பிறகு அதே தரவிலிருந்து இனம் பிரிக்காத ஒரே அட்டவணையும் வெளியிட்டுவிட்டார்கள்.

#5 கோரையாறு (செவிலியர் கண்காணிப்பு, மன்னார்குடி பக்கம்)

அட்டவணைக்கு முன்னாடி தேதி. டெல்டா கிராமங்களில் தேதி எப்படித் தவறுகிறது என்று எழுதுகிறேன். இதில் பிழை வந்துவிட்டால் மேலே பேசுவதெல்லாம் வீண்.

"கடைசியா எப்பக் குளிச்சீங்க?" என்று கேட்டால் பல பேர் தலைக்குக் குளித்த நாளைச் சொல்வார்கள். அது மூன்றாவது நாளோ ஐந்தாவது நாளோ. நமக்கு வேண்டியது ஆரம்பித்த நாள். "எத்தனாவது நாள் குளிப்பீங்க?" என்று மறுகேள்வி போட்டுக் கழிக்க வேண்டும்.

"நாள் தள்ளிப்போன தேதி" சொல்பவர்கள் உண்டு. அதை அப்படியே பதிந்தால் கர்ப்பம் நான்கு வாரம் இளசாகிவிடும். அப்புறம் எட்டாம் மாதம் ஸ்கேனில் "குழந்தை பெருசு" என்று வரும்.

தமிழ் மாதக் கணக்கு இன்னொன்று. "ஆடி பத்து" என்பதை ஆகஸ்ட் 10 என்று எழுதிவிடுகிறார்கள். ஆடிப்பெருக்கு ஆடி 18, அது ஆகஸ்ட் 2 அல்லது 3-ல் வரும். ஆடி பத்து என்றால் ஜூலை கடைசி வாரம். பதினைந்து நாள் பிசகு. இந்தப் பிசகினால் சின்னக் குழந்தை சரியான எடையில் இருப்பதுபோல் தெரியும், யாரும் தேட மாட்டார்கள். ஆள் மறந்துவிட்டால் பண்டிகையை வைத்துக் கேளுங்கள்: ஆடிப்பெருக்குக்கு முன்னாடியா பின்னாடியா, கோயில் காப்புக் கட்டின பிறகா, நடவு முடிந்தா. பெண்கள் அதைத் துல்லியமாகச் சொல்வார்கள்.

பிக்மி (அரசின் கர்ப்பிணிப் பதிவு) எண் போடும்போதே இதைச் சரிசெய்து, 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் ஒரு ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டால் பிறகு யார் எந்த அட்டவணை போட்டாலும் அடித்தளம் ஆடாது.

#6 வெண்ணாறு

> பிறகு யார் எந்த அட்டவணை போட்டாலும்

கோரையாறு அக்கா சொன்னதற்கு அடிக்கோடு. சி.ஆர்.எல். 45-லிருந்து 84 மி.மீ. வரை தேதி போடத் தோதான காலம். 9 வாரத்துக்கு மேல் மாதவிலக்குத் தேதியோடு ஒரு வாரத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஸ்கேன் தேதிக்கு மாறுங்கள், அதற்குள் என்றால் விட்டுவிடுங்கள். ஒருமுறை முடிவான பிரசவத் தேதியை அதன் பிறகு யாரும் தொடக் கூடாது.

நடைமுறையில் தொடுகிறார்கள். 32 வார ஸ்கேனில் மெஷின் நான்கு அளவுகளையும் சராசரி எடுத்து "30 வாரம் 2 நாள்" என்று காட்டும். அதை அப்படியே எடுத்து ரிப்போர்ட்டில் புதுத் தேதி போட்டுவிட்டால் அந்தக் குழந்தை எப்போதும் தன் வயதுக்குச் சரியாகத்தான் இருக்கும். பட்டினி கிடக்கும் கருவை மறைக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆளின் விவரம் தட்டும் பக்கத்திலேயே முதல் ஸ்கேன் தந்த பிரசவத் தேதியை இடுங்கள். அப்போதுதான் பர்சென்டைல் அந்த வயதுக்கு வரும்.

பிந்தி வருபவர்களுக்கு, 20 வாரத்துக்கு மேல் முதல் ஸ்கேன் என்றால், தொடை எலும்பை நம்பித் தேதி போடாதீர்கள். தலைச்சுற்றளவையும் சிறுமூளைக் குறுக்களவையும் பாருங்கள். சிறுமூளை 22 வாரம்வரை மி.மீ. எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு வாரம். இந்தியத் தரவிலேயே வயதைக் கணிக்கும் முயற்சியும் நடந்திருக்கிறது: குருகிராம் அரசு மருத்துவமனைத் தாய்மாரின் அளவுகளை வைத்து ஐ.ஐ.டி. மெட்ராஸும் ஃபரிதாபாத்தின் டி.ஹெச்.எஸ்.டி.ஐ.யும் 2024-ல் வெளியிட்ட கர்பினி-ஜி.ஏ.2. தென்னிந்தியத் தாய்மாரிடமும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

#7 அரசலாறு

சரி, தேதி சரியென்றே வைத்துக்கொள்வோம். 36 வாரம். ஹெச்.சி. (தலைச்சுற்றளவு) 31.5, ஏ.சி. (வயிற்றுச் சுற்றளவு) 30.0, எஃப்.எல். (தொடை எலும்பு நீளம்) 6.7 செ.மீ. மூன்று அளவு ஹேட்லாக் சூத்திரத்தில் எடை 2,401 கிராம். 36 வாரத்துக்குப் பத்தாவது பர்சென்டைல் 2,335. தப்பித்தது.

இப்போது ஏ.சி.யை மட்டும் 29.0 ஆக்கினால் 2,283. கோட்டுக்குக் கீழே.

ஏ.சி.யைப் பழையபடி வைத்து, தொடை எலும்பை மட்டும் 6.4 ஆக்கினால் 2,303. அதுவும் கீழே!

மூன்று மில்லிமீட்டர் தொடை எலும்பு நூறு கிராமைத் தூக்கிக்கொண்டு போகிறது. குட்டையான தாய்க்குக் குட்டைத் தொடை எலும்பு இருப்பது இயல்புதானே?

#8 வெண்ணாறு

அருமையான கணக்கு சார், எல்லாரும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

ஏ.சி. ஒரு சென்டிமீட்டர் தவறுவது ரொம்பச் சுலபம். ப்ரோபை (வயிற்றில் வைக்கும் ஸ்கேன் கருவி) அழுத்தினால் கருவின் வயிறு முட்டை வடிவாகும். சிறுநீரகம் படத்தில் தெரிந்தால் தளம் கீழே இறங்கிவிட்டது. விலா எலும்பு ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் நான்கு என்று தெரிந்தால் சாய்வாக வெட்டியிருக்கிறீர்கள். வேண்டியது வட்டமான வயிறு, இரைப்பைக் குமிழ், தொப்புள் சிரை போர்ட்டல் சைனஸில் சேரும் இடம். தோலின் வெளி ஓரத்தில் எலிப்ஸ். திரையில் பாதிக்கு மேல் வயிறு நிறைந்திருக்க வேண்டும். தூரத்தில் சின்னதாக வைத்து அளந்தால் காலிப்பர் (திரையில் அளக்கும் குறி) அரை மி.மீ. நகர்ந்தாலும் பெருகும். மூன்று முறை அளந்து சராசரி. குழந்தை முதுகைக் காட்டிப் படுத்திருந்தால் அம்மாவைப் பத்து நிமிடம் நடக்கவிட்டு மறுபடி பாருங்கள்; பின்னால் ஒலி நிழலில் கிடக்கும் வயிற்றை ஊகித்து வரையாதீர்கள்.

தொடை எலும்புக்கு: இரு முனையும் தெளிவாகத் தெரிய வேண்டும், படுக்கைக் கோட்டோடு 45 பாகைக்குக் குறைவாக. முனையில் ஈட்டி மாதிரி நீளும் பளபளப்பைச் சேர்த்தால் எலும்பு நீளும். சாய்ந்து வெட்டினால் குறையும்.

சூத்திரத்துக்கும் கோட்டுக்கும் ஜோடி உண்டு. இன்டர்குரோத் எடைச் சூத்திரத்தில் தலையும் வயிறும் மட்டும்தான், தொடை எலும்பே கிடையாது. ஹேட்லாக்கில் எடை கணக்கிட்டு இன்டர்குரோத் கோட்டில் புள்ளி வைப்பது, மரக்காலில் அளந்த நெல்லுக்குக் கிலோ விலை போடுவது போல. பி.பி.டி.யிலும் கவனம். ஹேட்லாக்குக்கு மேல் எலும்பின் வெளி ஓரத்திலிருந்து கீழ் எலும்பின் உள் ஓரம். இன்டர்குரோத்துக்கு வெளியிலிருந்து வெளி. மண்டையோட்டுத் தடிமன் இதில் விளையாடும்.

#9 குடமுருட்டி

சொந்தக்காரர்கள் ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் படிப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "பி.பி.டி. 36 வாரம், எஃப்.எல். 33 வாரம் 5 நாள்" என்று மெஷின் அச்சடித்ததும் "கால் ரெண்டு வாரம் சின்னதா இருக்காம்" என்று வீடு கலவரமாகிவிடும். ஒவ்வோர் அளவுக்கும் தனி வயது அச்சாவதை மெஷினில் அணைத்து வைக்கலாம்; அணையுங்கள். பர்சென்டைல் போதும்.

குட்டைத் தொடை எலும்பை அலட்சியமாகவும் விடக் கூடாது. மூன்று இருக்கலாம்: குடும்ப உடல்வாகு, குரோமோசோம் அல்லது எலும்புக் கோளாறு, நஞ்சுக்கொடி சரியாகச் செயல்படாதது. 20 வார ஸ்கேனிலிருந்து ஒரே கோட்டில் பின்தங்கி வந்து, மற்ற உறுப்பு நன்றாக இருந்து, அப்பா அம்மா இருவரும் குட்டையென்றால் முதலாவது. இடையில் திடீரென்று சறுக்கினால் கர்ப்பப்பைத் தமனி, தொப்புள் தமனி டாப்ளர் பார்க்காமல் விடாதீர்கள்.

#10 நண்டலாறு (பார்வையாளர், மயிலாடுதுறை)

நான் மருத்துவர் இல்லை, மொழிபெயர்ப்பு வேலைக்காகப் படிக்கிறேன். லண்டன், சிங்கப்பூரிலிருந்து ஆறாம் மாதம் அம்மா வீட்டுக்கு வரும் பெண்களின் ரிப்போர்ட்டில் பர்சென்டைல் வேறு, இங்கே வேறு என்கிறார்களே, அது இதனால்தானா?

#11 வீரசோழன்

ஆமாங்க. இங்கிலாந்தில் பல இடங்களில் குரோ என்ற தனிப்பயன் அட்டவணை. தாயின் உயரம், எடை, எத்தனையாவது பிரசவம், வம்சாவளி நான்கையும் கொடுத்தால் அந்தத் தாய்க்கென்றே ஒரு கோடு வரைந்து தரும். கார்டோசி 1990-களில் தொடங்கியது. வளைவின் வடிவம் அதே ஹேட்லாக்தான், கோடு மேலே கீழே நகர்வதுதான் மாறுகிறது. ஆகவே அங்கே 30 என்று வந்தது இங்கே 10-க்குக் கீழே இறங்கினால் குழந்தை இளைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அளவுகளைக் கேட்டு வாங்கி, எல்லாத் தேதியையும் ஒரே அட்டவணையில் மறுபடி வையுங்கள். மில்லிமீட்டர் எந்த ஊரிலும் மில்லிமீட்டர்தான்.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. "தாய் குட்டை, ஆகவே சின்னக் குழந்தை இயல்பு" என்று கோட்டை இறக்கும்போது, அந்தத் தாய் ஏன் குட்டை என்ற கேள்வி காணாமல் போய்விடுகிறது. யாஜ்னிக் குழு 2003-ல் புனே கிராமக் குழந்தைகளை இங்கிலாந்து சவுதாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டது. 2.7 கிலோவுக்கு 3.5. நீளமும் தலையும் கொஞ்சம்தான் பின்தங்கின. வயிறும் கைச் சதையும் அதிகம் பின்தங்கின. ஆனால் முதுகுத் தோலடிக் கொழுப்பு மட்டும் ஏறக்குறையக் காப்பாற்றப்பட்டிருந்தது. வெறும் இன வேறுபாடு என்றால் எல்லாம் ஒரே விகிதத்தில் சிறுத்திருக்க வேண்டாமா? இதில் தலைமுறைகளாக வந்த சாப்பாட்டுக் குறைவும் கலந்திருக்கிறது.

#12 கோரையாறு

வீரசோழன் சார் சொல்வதைக் களத்தில் இப்படிப் பார்க்கலாம். குறுவை நடவுக் காலத்தில் நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நிற்கிற பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 8, மாதத்துக்கு அரைக்கிலோகூட எடை ஏறவில்லை, ஸ்கேனில் குழந்தை 8-வது பர்சென்டைல். அங்கே "ஆசியர் கோட்டில் நார்மல்" என்று எழுதிக் கொடுத்தால் அவருக்கு இரும்புச்சத்து ஊசியும் வராது, ஓய்வும் வராது. அதே 8-வது பர்சென்டைல், ஹீமோகுளோபின் 11.5, எடை ஒழுங்காக ஏறுகிறது, முதல் குழந்தையும் 2.6 கிலோவில் பிறந்து நன்றாக வளர்கிறது என்றால் அது வேறு கதை. ரிப்போர்ட் எழுதுபவர் கையில் பிக்மி அட்டையும் இருக்க வேண்டும். நாடாவால் அடிவயிற்றுச் செ.மீ. அளப்பதையும் விடாதீர்கள், 24 வாரத்துக்கு மேல் வாரத்துக்கும் செ.மீ.க்கும் மூன்றுக்கு மேல் இடைவெளி விழுந்தால் ஸ்கேனுக்கு அனுப்புவது இன்றைக்கும் வேலை செய்யும் முறை.

#13 குடமுருட்டி

எல்லாரும் சின்னக் குழந்தைப் பக்கமே நிற்கிறோம். மறுபக்கம் சர்க்கரை.

75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை 140-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகாலச் சர்க்கரை. சாப்பிட்டு வந்தாலும் வராவிட்டாலும். தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிக்கும் செய்கிறோம். பிறகு ஏ.சி. 75-வது பர்சென்டைலைத் தாண்டினால் மருந்தை இறுக்குவது வழக்கம். எந்த 75? ஹேட்லாக் காலத்து டெக்சாஸ் வயிறு. நம் குழந்தையின் வயிறு இயல்பிலேயே சின்னது என்றால், நம்மூரில் அந்த அட்டவணையின் 60-வது பர்சென்டைல் என்பதே ஏற்கெனவே பெரிய வயிறாக இருக்கலாம். உள்ளே கொழுப்பு சேர்ந்துகொண்டிருக்கும், ரிப்போர்ட் "நார்மல்" என்னும். ஆக வெளிநாட்டு அட்டவணை சின்னக் குழந்தைக்கு வீண் பயத்தையும் சர்க்கரைக் குழந்தைக்கு வீண் நிம்மதியையும் சேர்த்தே தருகிறது. சர்க்கரைத் தாய்க்குத் தலையை 20-லும் வயிற்றை 60-லும் பார்த்தால் 75 வரும்வரை காத்திருக்காதீர்கள். சாப்பிட்ட பிறகான அளவுகளை உடனே தோண்டுங்கள்.

#14 அரசலாறு

இது எனக்கு உறைக்கவே இல்லை மேடம். நன்றி.

அப்படியானால் 34 வாரத்தில், 8-வது பர்சென்டைலில் நிற்கும் குழந்தைக்கு வரிசையாக என்ன செய்வது?

#15 வெண்ணாறு

2016-ல் பல நாட்டு நிபுணர்கள் ஒத்துக்கொண்ட வரையறைதான் கைக்குச் சுலபம். 32 வாரத்துக்கு மேல்: எடையோ ஏ.சி.யோ மூன்றாவது பர்சென்டைலுக்குக் கீழ் என்றால் அதுவே போதும், வளர்ச்சிக் குறைவு. மூன்றுக்கும் பத்துக்கும் இடையே என்றால் இன்னும் ஒரு சாட்சி வேண்டும்: 50 பர்சென்டைலுக்கு மேல் சரிந்திருப்பது, அல்லது தொப்புள் தமனி பி.ஐ. (ரத்த ஓட்டத்துக்கான தடையைக் காட்டும் டாப்ளர் எண்) 95-வது பர்சென்டைலுக்கு மேல் அல்லது மூளை-நஞ்சுக்கொடி விகிதம் 5-வது பர்சென்டைலுக்குக் கீழ். அந்த விகிதம் நடு மூளைத் தமனி பி.ஐ.யைத் தொப்புள் தமனி பி.ஐ.யால் வகுப்பது. குழந்தை மூச்சசைவு செய்யாத, அசையாத நேரத்தில் எடுங்கள். மூளைத் தமனியில் கோணம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில், தலையை அழுத்தாமல். அழுத்தினால் பி.ஐ. மாறிவிடும்.

இந்த முறையின் அழகு, இனக் கோட்டுச் சண்டையை அது பாதி தீர்த்துவிடுகிறது. உடல்வாகால் சின்னக் குழந்தை தன் பாதையிலேயே சின்னதாகப் போகும், டாப்ளர் கெடாது. நஞ்சுக்கொடியால் சிறுத்தது பாதையை விட்டு இறங்கும்.

அடுத்த வளர்ச்சி ஸ்கேன் மூன்று வாரம் கழித்து. டாப்ளரை மட்டும் இடையில் பாருங்கள். வாரா வாரம் எடை போட்டுப் பார்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 36 வாரத்தில் ஒரு வாரத்துக்குக் கூடுவது 200 கிராம் சொச்சம், நம் அளவீட்டுப் பிழையே பத்து சதவீதம். "போன வாரத்தைவிட எடை குறைஞ்சிருக்கு" என்ற ரிப்போர்ட் அங்கிருந்துதான் பிறக்கிறது.

#16 வீரசோழன்

ஒரு எச்சரிக்கை. உலக சுகாதார நிறுவன அட்டவணையில் ஆண், பெண் தனித்தனிக் கோடும் உண்டு, நான்கு சதவீத அளவுக்கு வித்தியாசம். நம் நாட்டில் அதைத் திறக்கவே கூடாது. கருவின் பாலினத்தைச் சொல்லத் தடை விதிக்கும் 1994 சட்டம், அதன்படி ஸ்கேனுக்கு நிரப்பும் படிவம் எஃப் எல்லாம் நினைவிருக்கட்டும். தெரிந்த பாலினக் கோட்டில் புள்ளி வைத்துப் படத்தை அச்சிட்டால் அதுவே சொன்னதாகிவிடும். இரு பாலுக்கும் பொதுவான கோடு மட்டும்.

சாதிக்கொரு, சமூகத்துக்கொரு அட்டவணை போடலாமே என்று ஆரம்பிப்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். கூத்தாநல்லூர், நாகூர், கும்பகோணத்து சௌராஷ்டிரர், நடவுக்கு வரும் வங்காள, பீகார் குடும்பங்கள் என்று கூறு போட்டுக்கொண்டே போனால் ஒவ்வொரு கூறிலும் எண்ணிக்கை கரைந்து கோடு நம்பத் தகாததாகிவிடும். தாயின் உயரமும் எடையும் நேரில் நிற்கின்றன, அவற்றைக் கேளுங்கள்.

#17 அரசலாறு

டெம்ப்ளேட்டை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"பிரசவத் தேதி: 12 வார சி.ஆர்.எல். அடிப்படை, மாற்றப்படவில்லை. எடைச் சூத்திரம்: ஹேட்லாக், ஹெச்.சி.-ஏ.சி.-எஃப்.எல். அட்டவணை: ஹேட்லாக் 1991. தாய் உயரம்: __ செ.மீ. முந்தைய ஸ்கேன் பர்சென்டைல்: __. தொப்புள் தமனி பி.ஐ., மூளை-நஞ்சுக்கொடி விகிதம்: __."

#18 கோரையாறு

ஹீமோகுளோபினுக்கும் ஒரு கோடு விடுங்க சார். சர்க்கரைக்கும். இரண்டும் அட்டையிலேயே இருக்கும், உள்ளே கூப்பிடும்போதே பார்த்து எழுதிவிடலாம்.

#19 வெண்ணாறு

அளவுகளை மி.மீ.யில் தனித்தனியாக எழுதுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எடையும் பர்சென்டைலும் மட்டும் இருந்தால் அடுத்த சென்டரில் வேறு அட்டவணைக்கு மாற்றிப் பார்க்க வழியில்லை.